குரல் தங்கும் இடங்கள்

அசர்பைஜானியர் தங்கள் செவ்விசைக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் எழுதினால் அது ‘முகாம்’ என்றே வந்து நிற்கிறது. இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. படை தங்கும் இடத்தையும், மருத்துவர்கள் ஊருக்கு வந்திருந்து சிகிச்சை தரும் ஏற்பாட்டையும் குறிக்கத் தமிழர் அன்றாடம் வழங்கும் முகாம் என்ற சொல் உருது வழியாக வந்தது. அதன் வேர் நிற்றல் என்ற பொருளுடைய அரபு வினையில் இருக்கிறது. அதே வேரில் பிறந்த மகாம் என்ற சொல் மேற்காசியா முழுவதும் இசையில் ஒரு சுர அமைப்பையும், சூஃபி நெறியில் இறைவனை நோக்கி நடக்கும் உயிர் தங்கித் தங்கிப் பக்குவப்படும் படிநிலைகளையும் குறித்தது. காக்கேசிய மலைகளுக்குத் தெற்கே, காஸ்பியன் கடலின் மேற்குக் கரையில் அது முகாம் என்று ஒலி திரிந்தது. குரல் ஓரிடத்தில் தங்கி, அவ்விடத்தை முழுதும் அறிந்த பிறகே அடுத்த இடத்துக்கு ஏறிச் செல்லும் இசை என்று அதனை ஒரு தொடரில் விளக்கலாம்.

இந்த இசையை உலக மேடைகளில் பாடிவருவோருள் தந்தையும் மகளுமாகிய ஆலிம் காசிமோவ், ஃபர்கானா காசிமோவா ஆகிய இருவரும் தனித்துத் தெரிகின்றனர். 1957இல் பிறந்த ஆலிம், ரவிசங்கர், யெஹூதி மெனுகின், நுஸ்ரத் ஃபதே அலி கான் முதலியோர் முன்னர் பெற்ற யுனெஸ்கோவின் பன்னாட்டு இசைப் பரிசை 1999இல் பெற்றவர். 1979இல் பிறந்த ஃபர்கானா பதினாறு வயதிலிருந்து தந்தையின் அருகில் அமர்ந்து பாடிவருபவர். பெற்றோரின் இசையைப் பிள்ளை ஏற்பது என்பதன் பொருள் என்ன என்ற கேள்வியுடன், பாக்கு நகரிலிருந்து ஷிர்வான் மேட்டுநிலத்தின் வழியே ஷமாக்கி வரை சென்று, மீண்டும் பாக்குவுக்கே திரும்பும் வழியில் இக்கட்டுரை செல்கிறது.

பாக்கு, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கீழே அமைந்த அசர்பைஜானியத் தலைநகரம். வடக்கிலிருந்து வீசும் காற்றை ஹஸ்ரி என்றும் தெற்கிலிருந்து வீசும் காற்றைக் கிலவார் என்றும் ஊரார் பெயரிட்டு அழைக்கின்றனர். கரையோரம் நீளும் நடைவெளியில் மாலை வேளைகளில் உலாவும் குடும்பங்கள் அன்று வீசுவது எந்தக் காற்று என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டு நடக்கின்றன. எண்ணெய்ச் செல்வத்தின் அடையாளமான கண்ணாடிக் கோபுரங்கள் மேட்டில் எரியும் சுடர் வடிவில் நிற்க, நீரோரத்தில் தாழ்ந்து படுத்திருக்கிறது 2008இல் திறக்கப்பட்ட பன்னாட்டு முகாம் மையம். அதன் வடிவம் தார் என்ற நரம்புக் கருவியை ஒத்தது. ஒரு நாடு தன் தலைநகரின் கடற்கரையில் ஓர் இசைக்கருவியின் வடிவில் கட்டடம் எழுப்பியிருப்பதைக் காணும்போது, அந்த இசைக்கு அங்குள்ள இடத்தைத் தனியே விளக்க வேண்டியிருப்பதில்லை.

ஆயினும் தார் எப்போதும் இவ்வளவு மதிப்புடன் நடத்தப்பட்டதன்று. மல்பெரி மரத்தைக் குடைந்து எட்டு என்ற எண்ணின் வடிவில் செய்யப்படும் உடலும், மாட்டின் இதயத்தைச் சூழ்ந்த மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டிய முகமும் உடைய இக்கருவியை, சாதிக்ஜான் என்று அழைக்கப்பட்ட ஷுஷா நகர வாசிப்பாளர் 19ஆம் நூற்றாண்டில் புதுக்கி அமைத்தார். நரம்புகளின் எண்ணிக்கையைக் கூட்டியதோடு, மடியில் வைத்து வாசிக்கப்பட்ட கருவியை மார்போடு அணைத்து வாசிக்கும் வழக்கத்தையும் அவரே ஏற்படுத்தினார். சோவியத் ஆட்சியின் தொடக்க காலத்தில், 1920களின் இறுதியில், தார் பழமையின் எச்சம் என்று தாக்கப்பட்டது. அப்போது மிகாயில் முஷ்ஃபிக் என்ற இளங்கவிஞர் தாரைப் பாடுமாறு வேண்டி ஒரு கவிதை எழுதினார். தார் பிழைத்துக்கொண்டது, முஷ்ஃபிக் 1938இல் முப்பது வயதுகூட நிறையாத நிலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓர் இசை தலைமுறை கடந்து வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடும்போது, அதற்காக இவ்வாறு நின்றவர்களின் முகங்களும் அச்சொல்லுக்குள் இருப்பதை மறத்தல் ஆகாது.

முகாம் பாடுவதற்கு உரிய பழைய அமைப்பு மூவர் குழு. பாடகருக்கு ஹானந்தா என்று பெயர். பாரசீகத்தில் ஓதுபவர், பாடுபவர் என்ற பொருளுடைய சொல் அது. அவர் கையில் கவால் என்ற வட்டப் பறை இருக்கும். ஒரு புறம் தார் வாசிப்பவரும், மறுபுறம் உருண்டைக் குடமும் நீண்ட கழுத்தும் நான்கு நரம்புகளும் உடைய கமாஞ்சாவை நிமிர்த்தி வைத்து வில்லால் இழுப்பவரும் அமர்வர். முழுமையான ஒரு முகாமுக்குத் தஸ்தகா என்று பெயர். பர்தாஷ்த் என்ற தொடக்கத்தில் குரல் உயர எழுந்து தன் எல்லையைக் காட்டிவிட்டு, பின்னர் மாயே என்ற அடிநிலைக்கு இறங்கி, அங்கிருந்து ஒவ்வொரு பகுதியாகத் தங்கித் தங்கி மீண்டும் உச்சத்தை நோக்கி ஏறுகிறது. இப்பகுதிகளில் தாளக்கட்டு இல்லை. குரல் தன் மூச்சின் அளவையே அளவாகக் கொள்கிறது. இடையிடையே தஸ்னிஃப் என்ற தாளக்கட்டுடைய பாட்டுகளும், ரெங் என்ற ஆடற்கேற்ற கருவியிசையும் வந்து கேட்போரை இளைப்பாற்றுகின்றன. ராஸ்த், ஷூர், செகா, சாஹர்கா, பயாத்தி ஷிராஸ், ஷுஷ்தர், ஹுமாயுன் என்னும் ஏழும் முதன்மையான முகாம்கள். ராகம் என்ற சொல் இவற்றுக்கு ஓரளவே பொருந்தும். ஏனெனில் ஒரு முகாம் தன் சுரங்களோடு மட்டும் அமையாமல், எந்தப் பகுதிக்குப் பின் எந்தப் பகுதி வர வேண்டும் என்ற வழித்தடத்தையும் உள்ளடக்கியது. அந்தப் பகுதிகள் பலவற்றுக்கு ஷிராஸ், இராக், கராபாக் என்று ஊர்களும் நாடுகளுமே பெயர்களாக அமைந்திருப்பதும் எண்ணத்தக்கது. இவ்விசையின் இலக்கணத்தை 1945இல் நூலாக வகுத்த உசெயிர் ஹாஜிபெயோவ், ராஸ்த் வீரத்தையும் ஊக்கத்தையும் எழுப்புவது என்றும், செகா காதலுக்கு உரியது என்றும், சாஹர்கா கிளர்ச்சியையும் வேட்கையையும் தருவது என்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெய்ப்பாட்டை வரையறுத்தார்.

பாடப்படும் சொற்கள் பெரும்பாலும் கஸல் என்ற கவிதை வடிவத்தைச் சேர்ந்தவை. ஈரடிகளாகத் தொடுக்கப்பட்டு, அரூஸ் என்ற அளவையாப்பில் அமைந்து, காதலைப் பேசுபவை. முற்காலத்து ஹானந்தாக்கள் நூற்றுக்கணக்கான கஸல்களை மனனமாக வைத்திருந்து, அவையின் மனநிலையைக் கண்டு, அந்த வேளைக்கு ஏற்ற கவிதையை ஏற்ற முகாமில் இட்டுப் பாடினர். எனவே ஓர் ஆசான் தன் மாணவருக்கு விட்டுச்செல்லும் செல்வத்தில் பாட்டுகளைக் காட்டிலும் அந்தத் தேர்வின் நுட்பமே பெரியது. அதை ஏட்டில் எழுதிக் கொடுக்க இயலாது; ஆசானின் அருகில் அமர்ந்திருந்த ஆண்டுகளே அதைக் கற்பிக்கின்றன. உஸ்தாத் எனப்படும் ஆசானும் ஷாகிர்து எனப்படும் மாணவரும் இவ்வாறு இணைந்து வாழ்ந்த முறையில் வளர்ந்த முகாமை யுனெஸ்கோ 2003இல் வாய்மொழிச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

முகாம் மையத்திலிருந்து சற்று நடந்தால் மதில் சூழ்ந்த பழைய நகரம் வருகிறது. தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்ட அதன் சந்துகள் பகல் வெயிலைச் சுவர்களில் தேக்கி இரவில் மெல்லத் திருப்பித் தருகின்றன. தேநீர்க் கடைகளில் அர்முது எனப்படும் இடை சிறுத்த கண்ணாடிக் குவளைகளில் கருந்தேநீரும், அருகே சிறு தட்டில் பழப்பாகும் வைக்கப்படுகின்றன. கன்னிக் கோபுரம் என்ற பழைய கற்கோபுரத்திலிருந்து சிறிது தொலைவில், வாகிஃப் முஸ்தஃபாசாதேவின் வீடு காட்சியகமாகப் பேணப்படுகிறது. ஜாஸ் இசையையும் முகாமையும் பியானோவில் ஒன்றாக்கிய அவர் 1940இல் பிறந்தவர். மகள் அஸீசாவின் பெயரைத் தலைப்பில் தாங்கிய படைப்புக்காக 1978இல் மொனாக்கோவில் நடந்த ஜாஸ் போட்டியில் பரிசு பெற்றார். மறு ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் தாஷ்கெந்தில் இசை நிகழ்ச்சியை ஒட்டி மாரடைப்பால் இறந்தார். அஸீசாவுக்குப் பத்து வயது நிறைய அப்போது மூன்று நாள்களே இருந்தன. பின்னர் அந்த மகள் ஜெர்மனியில் குடியேறி, தந்தையைப் போலவே பியானோவில் முகாமை வாசித்து, அதனோடு தன் குரலையும் சேர்த்துப் பெயர் பெற்றார்.

அச்சிறிய வீட்டில் நிற்கும்போது பெற்றோரின் இசையை ஏற்பதில் இரு வேறு வழிகள் இருப்பது தெளிவாகிறது. மறைந்த தந்தையின் இசை ஒலிப்பதிவுகளில் நின்றுபோன இசை. அது மாறாது, மறுமொழி சொல்லாது, பிள்ளை எவ்வளவு தொலைவு சென்றாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அஸீசாவுக்கு வாய்த்தது அத்தகைய செல்வம். ஃபர்கானாவுக்கு வாய்த்ததோ உயிரோடு அருகில் அமர்ந்திருக்கும் தந்தை. அவர் நேற்றுப் பாடியதை இன்று மாற்றிப் பாடுகிறார், மகள் பாடியதைக் கேட்டு அதற்குத் தக்கபடி தன் அடுத்த அடியை அமைக்கிறார். இவற்றுள் இரண்டாவது வழி எளிதானது போல் தோன்றினும், உண்மையில் அதுவே கடினமானது. நின்றுபோன இசையை விளக்கத் துணியும் பிள்ளையை யாரும் இடைமறிப்பதில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் இசையோடு நடப்பவருக்கு ஒவ்வொரு நாளும் மீண்டும் ஒரு சோதனை.

பாக்குவுக்குத் தெற்கே, கடலோரச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், கோபுஸ்தான் பாறை ஓவியங்கள் உள்ளன. வேட்டைக்காரர்களும் காளைகளும் படகுகளும், கைகோத்து ஆடும் மனிதரின் வரிசையும் செதுக்கப்பட்ட அந்தப் பாறைகள் பல ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்தவை. அவற்றுக்கு அருகே, இரு மீட்டர் அளவுள்ள ஒரு தட்டைக் கல் வேறு சில கற்களின்மேல் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அதன் பெயர் கவால் தாஷ், அதாவது பறைக்கல். சிறு கற்களால் தட்டினால் இடத்துக்கு இடம் வெவ்வேறு சுருதியில், கல்லுக்குரிய மந்த ஒலியாக அன்றி வெண்கலத்தின் கார்வையுடன் அது ஒலிக்கிறது. ஹானந்தாவின் கையில் உள்ள கவாலுக்கும் இக்கல்லுக்கும் நேரடி வரலாற்றுத் தொடர்பு இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. பிற்கால மக்கள் தங்களுக்குப் பழகிய கருவியின் பெயரை ஒலிக்கும் கல்லுக்கு இட்டனர் என்பதே போதும். கவாலின் சட்டத்தில் இழுத்துக் கட்டப்படுவது மீனின் தோல். ஹானந்தா தாளமிடுவதற்கு மட்டும் அதனைப் பயன்படுத்துவதில்லை. உச்ச நிலைகளில் கவாலை முகத்துக்கு அருகே உயர்த்திப் பிடிக்கும்போது, அது பாடகரின் குரலை அவர் காதுக்கே திருப்பித் தருகிறது.

கோபுஸ்தான் என்ற பெயர் இரண்டு இடங்களுக்கு உரியது. பாறை ஓவியங்கள் உள்ள இடம் ஒன்று; மற்றொன்று ஷமாக்கி செல்லும் சாலையில் உள்ள மாவட்டம். முன்னர் மராசா என்று பெயர் பெற்றிருந்த அதன் தலைமையூரில், 1402இல் எழுப்பப்பட்ட தீரி பாபா அடக்கத்தலம் செங்குத்தான பாறையின் முகத்தில் ஒட்டினாற்போல் நிற்கிறது. அந்தப் பகுதியின் நிலம் மரமற்ற மேட்டுப் புல்வெளி. வசந்தத்தில் சில வாரங்கள் பச்சையாகவும், எஞ்சிய காலமெல்லாம் வைக்கோல் நிறத்திலும் இருக்கும் அதன் சரிவுகளில் ஆட்டு மந்தைகள் நகர்கின்றன. ஒலியை மறிக்க மரமோ சுவரோ இல்லாத இந்நிலத்தில் மேய்ப்பர் ஒருவர் எழுப்பும் குரல் அடுத்த சரிவு வரை சிதையாமல் செல்கிறது. இந்தப் புல்வெளியில் உள்ள நாபூர் என்ற சிற்றூரில்தான் ஆலிம் காசிமோவ் பிறந்தார்.

நாபூரில் ஓர் இசை மரபின் தொடக்கத்தைத் தேடிச் செல்பவர் ஏமாறக்கூடும். ஆலிமின் குடும்பம் எளிய உழவர் குடும்பம். அவர் எந்தப் புகழ்பெற்ற ஹானந்தாவின் பிள்ளையும் அல்லர். 1978இல், இருபத்தொன்றாம் வயதில்தான் பாக்குவின் அசஃப் சேனல்லி இசைக் கல்லூரியில் சேர்ந்து, ஆகாஹான் அப்துல்லாயெவ் என்ற ஆசானிடம் முறையாகப் பயிலத் தொடங்கினார். ஷுஷாவின் பெரும் பாடகர்களான ஜப்பார் கார்யாக்தியோக்லு, செயித் ஷுஷின்ஸ்கி, கான் ஷுஷின்ஸ்கி முதலியோரை உருவாக்கிய சூழலோடு ஒப்பிட்டால் அது மிகவும் தாமதமான தொடக்கம். ஆகவே இன்று ஃபர்கானாவுக்குக் குடும்பச் சொத்தாகத் தோன்றும் இசை, ஒரு தலைமுறைக்கு முன் அந்தக் குடும்பத்துக்கு வெளியே இருந்தது. தந்தை அதை ஆசான்களிடமிருந்தும், பழைய ஒலித்தட்டுகளிலிருந்தும், இசை அவைகளிலிருந்தும் திரட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். குருதி வழியே இசை இறங்குகிறது என்ற பெருமிதப் பேச்சுக்கு நாபூர் இடம் கொடுப்பதில்லை. உழைத்துத் தேடிய ஒருவர் வீட்டில், அத்தேட்டத்தின் நடுவே வளர்ந்த ஒரு பிள்ளை என்ற எளிய உண்மையையே அது காட்டுகிறது.

மேலும் மேற்கே சென்றால் புல்வெளி முடிந்து திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் ஷமாக்கி. ஷிர்வான்ஷா மன்னர்களின் பழைய தலைநகரமான இவ்வூர் நிலநடுக்கங்களால் திரும்பத் திரும்ப இடிந்தது. 1859இல் ஏற்பட்ட நடுக்கத்துக்குப் பின் மாகாணத் தலைநகரம் பாக்குவுக்கு மாற்றப்பட்டது. 1902இல் வந்த நடுக்கம் எஞ்சியதையும் சிதைத்தது. எட்டாம் நூற்றாண்டில் தோன்றிய ஜும்ஆ பள்ளிவாசல் இடிந்தும் எழுந்தும் இன்று புதுக்கல்லின் பொலிவோடு நிற்கிறது. ஊருக்கு வெளியே, ஏழு குவிமாடம் என்று பெயர் பெற்ற இடுகாட்டில், ஷிர்வானை ஆண்ட கான்களின் குடும்பத்தார் அடக்கம் செய்யப்பட்ட கல்மண்டபங்களுள் சில முழுமையாகவும் சில கூரையிழந்தும் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கின்றன.

கட்டடங்கள் தாங்காத இவ்வூரில் பாட்டு தங்கியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மெஜ்லிஸ் எனப்பட்ட இசைக் கூட்டங்கள் மூன்று நகரங்களில் சிறந்திருந்தன: ஷுஷா, பாக்கு, ஷமாக்கி. செல்வரும் கவிஞரும் இசைவாணரும் ஒரே கம்பளத்தில் அமர்ந்து, ஒரு கஸலைப் பாடக் கேட்டு, அதன் சொல்லையும் சுரத்தையும் ஆராயும் கூட்டங்கள் அவை. ஷமாக்கியில் மஹ்மூத் ஆகா என்ற பெருநிலக்கிழார் அத்தகைய கூட்டங்களை நடத்தினார். கவிஞர் செயித் அஸீம் ஷிர்வானியின் கஸல்கள் இவ்வூரில் எழுதப்பட்டு இன்றும் முகாமில் பாடப்படுகின்றன. 1858இல் காக்கேசியப் பயணத்தில் இவ்வழி வந்த பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்ஸாந்தர் தூமா, ஷமாக்கியின் ஆடல் மகளிரைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். அவர் வந்துபோன மறு ஆண்டிலேயே 1859இன் நடுக்கம் ஊரைச் சாய்த்தது என்பதை எண்ணும்போது, அவர் கண்டது அந்தப் பழைய ஷமாக்கியின் கடைசி மாலைகளுள் ஒன்று என்பது மனத்தை வருத்துகிறது.

ஷமாக்கிக்கு இன்னொரு உரிமையும் உண்டு. கஞ்சா நகரத்துக் கவிஞர் நிஜாமி, லைலா மஜ்னூன் என்ற காதல் காவியத்தை 1188இல் பாரசீக மொழியில் பாடியது ஷிர்வான்ஷா அக்சித்தானின் வேண்டுகோளை ஏற்றே ஆகும். மணலும் துயரமும் அன்றி வேறொன்றும் இல்லாத இந்த அரபுக் கதையில் என்ன பாட முடியும் என்று நிஜாமி முதலில் தயங்கியதாகவும், மகன் முகம்மது வற்புறுத்தியதால் இசைந்ததாகவும் காவியத்தின் முகப்பில் அவரே குறிப்பிடுகிறார். பதினான்கு வயதுச் சிறுவன் கேட்டுக்கொண்டதால் தொடங்கப்பட்டு, நான்கு திங்களுக்குள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஈரடிகளாக முடிந்த நூல் அது. பிள்ளை பெற்றோரிடமிருந்து பெறுகிறது என்று ஒரு திசையில் மட்டுமே பேசிப் பழகிய நமக்கு, பெற்றோரின் படைப்பைப் பிள்ளை தோற்றுவித்த இந்தச் செய்தி புதிய திசை ஒன்றைக் காட்டுகிறது. அக்காவியம் 16ஆம் நூற்றாண்டில் கவிஞர் ஃபுஸூலியின் கையில் அசர்பைஜானியத் துருக்கிய மொழியில் மீண்டும் பிறந்தது. அங்கிருந்து அது பாக்குவின் அரங்கை வந்தடைய ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின.

பயணம் மீண்டும் பாக்குவை அடைகிறது. எண்ணெய் வணிகரும் கொடையாளருமான ஹாஜி சேனலாப்தின் தாகியெவ் 1883இல் கட்டுவித்த நாடக அரங்கில், 1908 ஜனவரியில், உசெயிர் ஹாஜிபெயோவின் லைலா மஜ்னூன் மேடையேறியது. முஸ்லிம் கீழை நாடுகளில் தோன்றிய முதல் ஆப்பெரா, அதாவது முழுவதும் பாட்டாலும் வாத்தியக் குழுவாலும் நடத்தப்படும் இசை நாடகம், அதுவே. அதை எழுதியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஃபுஸூலியின் அடிகளை எடுத்துக்கொண்ட அவர் வாத்தியக் குழுவுக்கும் கூட்டுப் பாடலுக்கும் இசையைச் சுரப்படுத்தி எழுதினார். முதன்மைப் பாத்திரங்கள் பாட வேண்டிய இடங்களிலோ பெரும்பாலும் சுரம் எழுதாமல், எந்த முகாமில் பாட வேண்டும் என்பதை மட்டும் குறித்துவைத்தார். உசெயிரின் ஏட்டைக் கையில் வைத்திருப்பதால் மட்டும் எவரும் அந்த நாடகத்தைப் பாடிவிட இயலாது. அந்த வெற்றிடங்களை நிரப்ப ஆசானிடம் கற்ற ஹானந்தா ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் வேண்டும்.

முதல் நாள் மஜ்னூனாகப் பாடியவர் ஹுசெயின்குலு சராப்ஸ்கி. லைலாவாகப் பாடியவரோ அப்துர்ரஹ்மான் ஃபராஜெவ் என்ற இளைஞர். தேநீர்க் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை அவர் குரலுக்காகத் தேடிப் பிடித்து மேடையேற்றினர். முஸ்லிம் பெண் மேடையேறுவதை அக்காலச் சமூகம் பொறுக்கவில்லை. 1912இல் ஷவ்கத் மம்மதோவா என்ற இளம்பெண் இதே அரங்கில் முகம் மறைக்காமல் பாடியபோது எழுந்த கொந்தளிப்பில், உயிருக்கு அஞ்சி நகரத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. பின்னர் நிலைமை மாறியது; ஹகீகத் ரசாயெவா, ருபாபா முரதோவா, சேனப் கன்லரோவா ஆகியோர் லைலாவின் குரலைப் பெண்ணின் குரலாகவே நிலைநாட்டினர். ஃபர்கானா தந்தையிடமிருந்து பெற்ற இசை ஒரு வழியாக வந்ததென்றால், அதை மேடையில் பாடும் உரிமை இந்தப் பெண்களின் வழியாக வந்தது. தந்தையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது வழியைச் சொல்லாமல் விடுவது பெரும் அநீதியாகும்.

தந்தையும் மகளும் சேர்ந்து பாடுவது முகாமின் பழைய முறையில் இல்லாதது. ஹானந்தா தனிக்குரலானவர், தஸ்தகாவின் ஏற்ற இறக்கம் ஒரே மூச்சின் பயணமாக அமைந்தது. ஆலிமும் ஃபர்கானாவும் இருவர் கையிலும் கவாலுடன் கம்பளத்தில் அருகருகே அமர்ந்து, ஓர் ஈரடியின் முதல் அடியை ஒருவரும் அடுத்ததை மற்றவரும் பாடுவதையும், தஸ்னிஃபுகளில் குரல்களை இணைப்பதையும், உச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதையும் வழக்கமாக்கினர். மூவர் குழுவோடு நகாரா என்ற முழவையும், பலபான் என்ற நாணற்குழலையும் அவர்கள் சேர்த்துக்கொண்டனர். அந்தப் பலபானின் ஒலிதான் 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றப்பட்ட பொன்தட்டில், கமில் ஜலீலோவின் வாசிப்பாகப் பூமியை விட்டுச் சென்றது. மரபைக் கறாராகப் பேணுவோர் இம்மாற்றங்களில் குறை காணக்கூடும். ஆனால் இரண்டாவது குரல் வந்ததால் முதல் குரலின் இயல்பே மாறியதைக் கேட்பவர் உணரலாம்: தனியே பாடும்போது தன் வேகத்தில் மட்டுமே எரிந்த ஆலிமின் குரல், மகளின் குரல் எழுவதற்கு இடம்விட்டு நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த நிறுத்தம் அவருக்கு மகள் தந்தது.

சில்க் ரோட் இசைக்குழுவினர் ஹாஜிபெயோவின் நாடகத்தைச் சுருக்கி அமைத்த வடிவில் ஆலிம் மஜ்னூனாகவும் ஃபர்கானா லைலாவாகவும் பாடினர். மார்க் மாரிஸ் நடனக் குழு அதனை 2016இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் அரங்கேற்றியது. காதலரின் பாத்திரங்களைத் தந்தையும் மகளும் பாடுவது எவ்வாறு பொருந்தும் என்ற ஐயம் எழுவது இயல்பே. முகாமின் உள்ளிருந்து நோக்கினால் ஐயம் கரைகிறது. ஃபுஸூலியின் மஜ்னூன் இறுதியில் நேரில் வந்து நிற்கும் லைலாவையும் அறியாதவனாகிறான். அவன் காதல் உருவத்தைக் கடந்துவிட்டது. சூஃபி மரபில் காதலன் என்பது பிரிவுற்ற உயிருக்கும், காதலி என்பது அது நாடும் மெய்ப்பொருளுக்கும் பெயர். ஹானந்தா எக்காலத்திலும் வேடம் புனைந்து நடிப்பவரல்லர். தேடுபவரின் வாயாகவும் தேடப்படுபவரின் வாயாகவும் மாறி மாறி நின்றவர். மாரிஸின் அமைப்பும் இதை உணர்ந்தே செய்யப்பட்டது போலும்: லைலாவையும் மஜ்னூனையும் நான்கு இணைகள் பகுதிக்குப் பகுதி மாறி மாறி ஆட, பாடுவோர் இருவரும் மேடையின் நடுவே அமர்ந்த இடத்திலேயே இருக்கின்றனர்.

அவர்கள் பாடும் முறையில் மிக அழகிய கணம் உச்சத்தில் இல்லை, அதற்குச் சற்றுப் பின்னே இருக்கிறது. சங்கூலா என்பது தொண்டையில் குரலை மணிபோல் உடைத்து உதிர்க்கும் அசைவு. சங் என்றால் மணி. தந்தை நீண்ட சங்கூலாவோடு ஓர் இடத்தை எட்டி, அங்கே கை விரித்து, கண் மூடி, குரலை மெல்ல விடுகிறார். கமாஞ்சா அந்தச் சுரத்தைக் கைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவையில் எவரோ ‘ஜான்’ என்கிறார். உயிரே என்று பொருள். கவாலை மடியில் தாழ்த்திவிட்டு மகளின் பக்கம் சற்றே திரும்பி அமர்கிறார் ஆலிம். ஃபர்கானா தன் கவாலை முகத்தருகே உயர்த்தி, தந்தை விட்ட அதே சுரத்தில், அவர் பாடாத சொல்லோடு தொடங்குகிறார்.